இலவச நேரத்துப் பிள்ளைகள்

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே அந்தப் பார்னஹாகே இருந்தது. பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டு வருகிற இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் உடுப்பு மாற்றுகிற கூடம். ஈரக் கம்பளி, ரப்பர் சப்பாத்து, எங்கோ சிந்திக் காய்ந்த பால், ஈரல் பசை பூசிய பாண் எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அங்கே நிற்கும். ஒஸ்லோவில் எந்தப் பார்னஹாகேக்குள் போனாலும் அதே மணம்தான். மற்ற இடங்களில் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒரு கட்டடத்தை மட்டும் இன்றைக்கும் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறித்தான் கடந்து போகிறேன்.

நான் கல்யாணமாகி மன்னாரிலிருந்து வந்தவள். கணவர் பஸ் ஓட்டினார். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது அவருடைய முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. இனி மணிக்கணக்காகச் சாரதி இருக்கையில் இருக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வேலை இல்லை. நோர்வேஜிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, படுக்கையில் கிடந்தவரையும் பார்த்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு நாள் போனால் இரண்டு நாள் போகாமல் இருந்தேன்.

குழந்தைகள் சுகாதார நிலையத்துத் தாதிதான் முதலில் சொன்னார். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து வாரத்துக்கு இருபது மணித்தியாலம் பார்னஹாகே இலவசம். அதை ஷேர்னதீட் என்பார்கள். நாளின் நடுப்பகுதி, முக்கியமான நேரம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"சும்மா தாறது எண்டா எனக்குப் பயம்," என்றார் அவர்.

"சும்மா இல்லை. சட்டம்."

"அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு வாயைத் திறக்கேலாது."

அவர் சின்ன வயதில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் வளர்ந்தவர். தாயும் தகப்பனும் அங்கே மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் நின்றவர்கள். குளிருக்கும் நாற்றத்துக்கும் முகம் சுளிக்காமல் நின்றால்தான் மதிப்பு என்பதை அவர்கள் பிள்ளைக்கும் பழக்கியிருந்தார்கள். நோர்வேஜிய மொழி என்னைவிட அவருக்குப் பத்து மடங்கு வரும். ஆனால் ஒரு அலுவலகத்தில் போய் எதையும் கேட்கச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். அதனால் நான்தான் போனேன்.

பொறுப்பாளர் உயரமான பெண். தலையை ஒரு பக்கம் சாய்த்து, நோயாளியிடம் கதைப்பதுபோலக் கதைப்பார். "உங்கள் மகளுக்கு ஷேர்னதீட் கிடைத்திருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. எவ்வளவு நல்லது, இல்லையா?" என்றார்.

முழுநாளும் விட முடியாதா என்று கேட்டேன். பின்நேர வகுப்பு ஒன்று இருக்கிறது, அதை முடித்தால் வேலை தேடலாம் என்றும் சொன்னேன்.

"நீங்கள் இப்போது வீட்டில்தானே இருக்கிறீர்கள்," என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு அன்பு. "உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நாங்கள் கொடுப்பது இந்தக் குறுகிய இடத்தைத்தான்."

நம்பினேன். அவர் பொறுப்பாளர், எனக்கு மொழி அரைகுறை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சில வாரங்களில் நான் கண்டது ஒன்றுமில்லை. ஒரு மணிக்குப் போவேன். மகள் உடுப்பெல்லாம் போட்டுத் தயாராக வாசலில் நிற்பாள். எவ்வளவு ஒழுங்கான இடம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பனி தொடங்கிய பிறகு ஒரு நாள் வகுப்பு முன்னதாகவே முடிந்துவிட்டது. மழையும் பனியுமாக ஊற்றியபடியால் வெளியே நிற்காமல் உள்ளே போனேன்.

கூடத்தில் நீளமாகக் கிடந்த மர வாங்கில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஐந்து பேருக்கும் தலை முதல் கால் வரை தடித்த குளிர் உடுப்பு. தொப்பி, கையுறை, முதுகில் பை. சூடாக்கிக்குப் பக்கத்து வாங்கு அது. என் மகளின் முகம் சிவந்து, நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மற்றப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் பெரிய தட்டு. வெட்டின ஆப்பிள், பேரிக்காய், தோடம்பழச் சுளைகள். ஒரு பிள்ளை சாறு வழிய வழியச் சாப்பிட்டது. வாங்கில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் மகள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார்கள் என்பது எனக்கு உடனே விளங்கியது.

யாருக்கோ பதிலாக வேலைக்கு வந்த இளம்பெண் ஒருத்தி கதவடியில் நின்றாள். ஏன் இவர்கள் இங்கே என்று கேட்டேன்.

"பழம் பன்னிரண்டே முக்காலுக்குத்தான். ஷேர்னதீட் ஒரு மணிக்கு முடிந்துவிடும், அதற்குள் இவர்களுக்கு உடுப்புப் போட வேண்டும்," என்றாள். மெட்ரோ எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாளே, அதே மாதிரி. அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் செய்திருந்தால், மற்ற யாராவது தடுத்திருப்பார்கள். இங்கே எல்லாரும் நல்லவர்கள், ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை.

மகளின் தொப்பியைக் கழற்றினேன். தலையிலிருந்து ஆவி பறந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிழமைக் கடைசியில், சமைத்துக்கொண்டிருந்தபோது மகள் வரவேற்பறையில் விளையாடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொம்மைகளைக் கம்பளத்தில் வட்டமாக இருத்தி, விளையாட்டுத் தட்டு ஒன்றை நடுவில் வைத்திருந்தாள். முயலையும் ஒரு பழைய கரடியையும் மட்டும் கதவோரமாகச் சுவரைப் பார்க்க வைத்திருந்தாள்.

"அவை ஏன் அங்கை இருக்கினம்?" என்று கேட்டேன்.

"அவைக்குப் பழம் இல்லை. அவை ஷேர்னதீட்," என்றாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, "நானும் ஷேர்னதீட்," என்றாள். தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கணவரும் அதைக் கேட்டார். சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் எழும்பி இருந்தார். அவருக்கு அப்படி எழும்புவதே பெரிய வேதனை.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ. உங்கடை நொஷ்க் பாஷை எண்டா அவை கேப்பினம்," என்றேன்.

முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டு, "காசு கட்டாத இடத்திலை என்னத்தைக் கேக்கிறது?" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை இங்கே எழுதாமல் விட்டால் இது உண்மையான கதையாக இருக்காது. அந்த நேரம் அவர் முகமும், பொறுப்பாளரின் சாய்ந்த தலையும், அந்த வாங்கும் எல்லாம் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

அதன்பிறகு நான் வேண்டுமென்றே நேரத்துக்கு முன்னதாகப் போகத் தொடங்கினேன். மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நெருப்பு மூட்டிச் சொசேஜ் சுடுவார்கள். அந்தக் குழு ஒன்பது மணிக்கு முன்னமே புறப்பட்டு, இரண்டு மணிக்குப் பிறகுதான் திரும்பும். அதனால் ஷேர்னதீட் பிள்ளைகள் போவதில்லை. அன்றைக்கு அந்த ஐந்து பேரும் ஒரு அறையில் களிமண் உருட்டிக்கொண்டு இருப்பார்கள்.

வாங்கில் இருந்த பிள்ளைகளில் ஒன்று நோர்வேஜியப் பிள்ளை, வெள்ளை மயிர்ச் சிறுமி. அவளுடைய தாய் உள்ளேயே வருவதில்லை. வாசல் படலையடியில் சிகரெட்டோடு நின்று கையைக் காட்டுவாள். இன்னொரு பிள்ளையின் தாய் சோமாலியாக்காரி. அவளோடுதான் நான் கதைக்கத் தொடங்கினேன். இரண்டு பேருக்கும் நடுவில் பிழை பிழையான நோர்வேஜிய மொழி. ஆனால் நன்றாக விளங்கியது.

"என் மூத்தவன் வேறு பார்னஹாகேயில் இருந்தான். அவனுக்கும் இலவச நேரம்தான். அங்கே எல்லாருடனும் இருந்தான். காட்டுக்கும் போனான். இங்கேதான் இப்படி," என்றாள்.

"நீ கேட்கவில்லையா?"

"கேட்டேன். எனக்கு மொழி விளங்கவில்லை என்று சொன்னார்கள்."

பெற்றோர் கூட்டம் வந்தது. வாசலில் இலவங்கப்பட்டை பன்னும் கோப்பியும் வைத்திருந்தார்கள். பெற்றோர் குழுவின் தலைவர் ஒரு தமிழர். இங்கேயே பிறந்து படித்த பொறியியலாளர், யாழ்ப்பாணத் தீவகத்தை அடியாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் நிற்பவர். அவரைக் கண்டதும் எனக்குத் தைரியம் வந்தது. காட்டுப் பயணங்களைப் பற்றிப் பொறுப்பாளர் படம் போட்டுக் காட்டி முடித்ததும் கையை உயர்த்தினேன். நாலு வசனத்தை வீட்டிலேயே எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். இலவச நேரப் பிள்ளைகள் ஏன் காட்டுக்குப் போவதில்லை, மற்றவர்கள் பழம் சாப்பிடும்போது ஏன் உடுப்போடு வாங்கில் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

யாரோ கோப்பிக் கோப்பையை மெதுவாக வைத்தார்கள்.

"தனிப்பட்ட விடயங்களைத் தனியாகப் பேசுவோம்," என்றார் பொறுப்பாளர், தலையைச் சாய்த்து.

உடனே அந்தத் தமிழர் வாயைத் திறந்தார். எனக்கு ஆதரவாகத்தான் என்று நினைத்தேன். அழகான ஒஸ்லோ உச்சரிப்பில், "நியாயம் என்பது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியது. முழுநாளுக்கும் கட்டணம் கட்டுகிற பெற்றோரும் இருக்கிறார்கள்," என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். பன் தட்டை எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் அவர் எனக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றார். என்னைவிட மூத்தவர் அவர். இங்கே பிறந்தவர்களுக்கு ஊரிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் அக்காதான். "நாங்கள் இஞ்சை ஒரு மரியாதையோடை இருக்கிறம். எல்லாத்துக்கும் கை நீட்டிக்கொண்டு நிண்டா, எங்களையும் அவையோடை சேர்த்துத்தான் பாப்பினம்."

"அவை எண்டா ஆர்?"

அவர் வாயால் சொல்லவில்லை. கண்ணை மட்டும் பஸ் தரிப்பிடப் பக்கம் திருப்பினார். அங்கே அந்தச் சோமாலியப் பெண் குழந்தை வண்டியைப் பனிக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவநற்கருணை எடுக்கிற வாய் இது," என்றேன். வேறொன்றும் எனக்கு வரவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. பாவம், படிப்பில்லாதவள் என்பதுபோலச் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். நான் பனியில் துப்பிவிட்டு நடந்தேன்.

அடுத்த நாள் காலை நகரப்பகுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தது ஒரு வயதான பெண்ணின் குரல். எங்களுக்கு நடந்ததை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இலவச நேரம் என்பது உங்கள் கட்டணத்திலிருந்து கழிக்கப்படுகிற பகுதி. அது பிள்ளைக்கு ஒட்டுகிற அடையாளம் இல்லை. உங்கள் மகளுக்கு முழுநாள் இடமும் கேட்கலாம். அப்போது அந்த இருபது மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கட்டுவீர்கள், அதுவும் உங்கள் வருமானத்தைப் பார்த்து. இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

"குறுகிய இடம்தான் தரலாம் எண்டு சொன்னவை," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு நோர்வேஜிய மொழியில் திருப்பிச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. "வாங்கைப் பற்றி இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். தான் அவர்களோடு பேசுவதாகச் சொன்னார்.

வீட்டில் எல்லாவற்றையும் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் தொலைபேசியை வைத்ததும், "முழுநாள் இடத்துக்கு எழுதிப் போடுவம். நான் எழுதுறன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கே எழுதினார்.

இரண்டு கிழமைக்குள் பழம் பன்னிரண்டரைக்கு வந்துவிட்டது. காட்டுப் பயணத்திலும் எல்லாரையும் சேர்த்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. வாசல் சுவரில் பெரிய வண்ணப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் என் மகள் ஆப்பிள் துண்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மேலே, 'எங்களிடம் எல்லாரும் ஒன்று' என்று எழுதியிருந்தது. ஐந்து பேரில் நல்லாய்ச் சிரிக்கிற பிள்ளையாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

பொறுப்பாளரிடம் போய், அதை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஆனால் எவ்வளவு அழகான படம்," என்றார். "இதைச் செய்ய வேண்டும் என்று நாங்கள் வெகுகாலமாக யோசித்துக்கொண்டிருந்தோம்."

"என்னிடம் கேட்காமல் எடுத்தீர்கள்," என்றேன். அவர் கழற்றுவார் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. நானே நான்கு மூலையையும் உரித்து மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து அதைக் குப்பைக்குள் போட்டேன். பிள்ளையின் முகம் இருக்கிற படத்தை எறிகிறோமே என்று ஒரு கணம் யோசித்தேன். வைத்திருக்க முடியவில்லை.

அந்த மாதத் தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். பெற்றோர் குழுத் தலைவர் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்தார். பக்கத்தில் அவருடைய மாமனாரும் வேறு இரண்டு பேரும்.

"பாத்தீங்களே அக்கா, எல்லாம் சரிவந்திட்டுது. சத்தம் போடாமல் கதைக்கிற இடத்திலை கதைக்க வேணும். நான்தான் கதைச்சனான்," என்றார்.

மற்றவர்கள் அவரை மெச்சுவதுபோலப் பார்த்தார்கள். நான் ஏதும் சொல்ல முந்தி என் கணவர் சொன்னார். இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றவர்.

"நீர் கதைச்சதைத்தான் மனுசி எனக்கு அண்டைக்கே சொன்னவ. கார் நிப்பாட்டுற இடத்திலை கதைச்சதையும் சொன்னவ. அதையும் இவைக்குச் சொல்லுமன்."

மாமனார் ஒருவரையும் பார்க்காமல் தேநீரைக் குடித்தார். தலைவர் தட்டோடு மற்றப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன். அப்படிப் பிடித்துக்கொண்டு நடப்பது எங்கள் வழக்கம் இல்லை.

முழுநாள் இடம் பக்கத்துப் பகுதியான வெஸ்ட்லியில் வேறொரு பார்னஹாகேயில் கிடைத்தது. ஆகஸ்டில் மாற்றினோம். பழைய இடத்தில் கடைசி நாள் பொறுப்பாளர் என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார். இங்கே அது சாதாரண வழக்கம், விலகினால் மரியாதையில்லை. அவருடைய கம்பளிச் சட்டை என் கன்னத்தில் உராய, இனிப்பான வாசனைத் திரவியம் மூக்கில் ஏறியது. நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். வீட்டுக்கு வந்து முகத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

வெஸ்ட்லியில் முதல் கிழமை, பின்நேரம் மகளைக் கூட்டிவரப் போன என்னை அங்கே வேலை செய்கிற நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியே கூப்பிட்டாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் தானே போய்ச் சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு வாசலடியில் இருந்துவிட்டாளாம். என்ன என்று கேட்டதற்குத் தான் ஷேர்னதீட் என்றாளாம்.

"எனக்கு விளங்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் யாருக்கு இலவச நேரம் என்பது எனக்கே தெரியாது. அது அலுவலகத்தின் வேலை. அவள் என்ன சொல்ல வந்தாள்?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். சூடாக்கிக்குப் பக்கத்து வாங்கு, கண்ணாடிக் கதவு, பழத்தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவளுடைய கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. முடித்ததும், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சொல்லக் கூடாத ஒரு தூஷணச் சொல்லைப் பல்லுக்குள் சொன்னாள். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், அந்தச் சொல்லுக்காக.

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு மாதங்களில் நான் கண்ட நோர்வேஜியர்களில் அருவருப்புப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

கணவர் இப்போது பஸ் கம்பனியிலேயே மேசையில் இருந்து பார்க்கிற வேலையில் இருக்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சோமாலியப் பெண்ணும் அடுத்த வருடம் மகளை வெஸ்ட்லிக்கு மாற்றினாள். இரண்டு பெண் பிள்ளைகளும் இப்போது ஒரே வகுப்பு. சில சனிக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டில் விளையாடுவார்கள். தாய் வந்து கூப்பிட்டாலும் போகமாட்டோம் என்று நிற்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் இன்னொரு தேநீரை ஊற்றிக்கொண்டு இருப்போம்.